அண்ணன் எழுதிய நல்ல ஆங்கிலம்

போன மாதம் நம் பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் கூடிய மத்தியானச் சாப்பாட்டில், நினைவு மலர் ஒன்று போடப் போகிறோம், உங்கள் அப்பாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டீர்கள். தலைப்பையும் நீங்களே வைத்துவிட்டீர்கள்: ஜப்பான் காலத்திலும் ஆங்கிலம் வளர்த்த பெருமகன். எல்லாரும் கை தட்டினீர்கள். எனக்கு வந்த கோபத்தில் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். சர்க்கரைக்குப் பயந்து வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது.

சரி, எழுதுகிறேன். நான்கு பக்கத்துக்கு மேலேயே வரும். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, உங்களில் பலருக்கு இன்னும் அதிகம். அரை நிஜார் போட்டுக்கொண்டு, காலெல்லாம் சிரங்கோடு, என்னோடு மரவள்ளிக்கிழங்கு திருடியவர்கள் நீங்கள். உங்களிடம் பொய்யாக ஒரு பெருமகனைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பா ரயில்வே ஸ்டோர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆற்றுப் பக்கமாக இருந்த வரிசையில் எங்கள் வீடு. இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு, முன்னால் அம்மா போட்ட மரவள்ளிப் பாத்தி. அண்ணனுக்கு அப்போது பதினேழு, எனக்குப் பத்து. நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அண்ணன் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சண்டை வந்தது. வெள்ளைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போனான், ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

வந்தவன் முதலில் கடிகாரத்தை மாற்றினான். டோக்கியோ நேரம். ராத்திரி மணி ஏழரை என்று கடிகாரம் சொல்லும், வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் கிழக்கே பார்த்துக் குனியச் சொன்னார்கள், ஜப்பான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆங்கிலம் கூடாது என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நிற்கும் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் குனியாதவன் கன்னத்தில் அறை வாங்கினான். அப்பாவும் ஒரு நாள் வாங்கினார். வீட்டுக்கு வந்து, ஒடிந்துபோன மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டி மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து நோட்டை எடுத்தார்.

அந்த நோட்டைத்தான் மலரில் படம் பிடித்துப் போட வேண்டும் என்கிறீர்கள். கறுப்பு அட்டை, முதுகில் சிவப்புத் துணி. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஓர் ஆங்கிலத் தொடர். வலப்பக்கம், அதற்குப் பின்னால் வினைச்சொல் எந்த உருவத்தில் வர வேண்டும் என்ற சட்டம். அப்பாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் என்பதற்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் சில தொடர்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பிறகு வினையை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 'கான்ட் ஹெல்ப்' என்று ஆரம்பித்தால் அடுத்த சொல் 'இங்' சேர்த்துத்தான் வர வேண்டும்: லாஃபிங், க்ரையிங். 'ஹேட் பெட்டர்' என்றால் 'இங்'கும் கூடாது, 'டு'வும் கூடாது: கோ, ஸ்டே, அவ்வளவுதான். அப்பா இதற்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார். 'இங்' சேர்ந்தது வால் சொல். ஒன்றும் சேராதது மொட்டைச் சொல். 'யூஸ்டு டு' மட்டும் இரண்டு பக்கமும் ஆடும். முன்பெல்லாம் செய்வேன் என்பதற்கு மொட்டை, செய்து செய்து பழகிவிட்டது என்பதற்கு வால். அப்பா ரூல் தடியால் மேசையில் தட்டி "வுட் ராதர்?" என்பார். வீட்டுக்கு ரகசியமாகப் படிக்க வந்த பையன்கள் "மொட்டை!" என்று சத்தம் வராமல் கத்த வேண்டும். சத்தம் வராமல் கத்துவது எப்படி என்று அந்த வயதிலேயே எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பைத்தியம் அப்பாவுக்கு எங்கிருந்து பிடித்தது என்பதை அம்மா பல வருடம் கழித்துச் சொன்னாள். அவருக்குப் பெரிய கிராணி வேலை கிடைக்க இருந்த சமயம், துரைக்கு ஒரு கடிதம் எழுதினாராம். தங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன் என்று எழுத, 'லுக் ஃபார்வர்டு டு' போட்டு, பின்னால் மொட்டைச் சொல்லை வைத்துவிட்டார். வால் வைத்திருக்க வேண்டும். துரை அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி படித்துக் காட்டிச் சிரித்தான். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் ஸ்டோரிலிருந்து கையோடு கொண்டுவந்ததுதான் அந்த நோட்டு. கேட்கும்போது எனக்கும் அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஒரு துரை சிரித்ததற்கு என் அண்ணன் ஏன் பலியாக வேண்டும் என்று யோசித்ததும் அந்தப் பாவமெல்லாம் வடிந்துவிட்டது.

வகுப்பு எங்கள் முன்னறையில், அப்பா ஆபீஸ் விட்டு வந்தபின். அண்ணனோடு சேர்த்து நான்கு பையன்கள். கதவும் சன்னலும் சாத்தியிருக்கும். உள்ளே வியர்வை நாற்றமும் சிரங்குக்குப் பூசிய கந்தக நாற்றமும், சமையல்கட்டிலிருந்து சிவப்புப் பனை எண்ணெய்ப் புகையும். நான் வெளிப்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டும். பூட்ஸ் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்தில் கற்ற ஜப்பான் பாட்டை உரக்கப் பாட வேண்டும். நான் பாடினால் உள்ளே நோட்டு மரவள்ளிக் கூடைக்கு அடியில் போய்விடும். ஒரு தடவை அந்த வழியாகப் போன சிப்பாய் ஒருவன் நின்று, என் பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தான். எனக்கு மூத்திரம் போய்விட்டது.

ஆங்கிலம் படித்தால் தலை போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பாவுக்கு அந்தப் பயம் இல்லை. "வெள்ளைக்காரன் மூணு மாசத்துல வருவான்" என்பார். "வந்ததும் முதல்ல என்ன கேப்பான்? சுத்தமா இங்கிலீஷ் எழுதற பையன் எங்கன்னு கேப்பான். அப்ப நம்ம பையன் நிப்பான்." அந்த மூன்று மாதம் மூன்றரை வருடம் ஆனது. சொன்ன மூன்று மாதத்தை அவர் கடைசி வரை மாற்றவே இல்லை.

மலருக்கு ஆசிரியராக இருக்கும் அண்ணே, இப்போது உங்களைச் சொல்லப் போகிறேன். அந்த நான்கு பேரில் நீங்கள் ஒருவர். நாலு மாதம் வந்தீர்கள். பிறகு உங்கள் அப்பா உங்களை நிறுத்தி ஜப்பான் மொழி வகுப்பில் சேர்த்தார். பரீட்சையில் தேறி, சட்டையில் ஒரு வில்லையைக் குத்திக்கொண்டு வந்தீர்கள். அந்த வில்லை இருந்ததால் தெருவில் ஜப்பான்காரன் கட்டாய வேலைக்கு ஆள் பிடித்தபோது உங்களை எவனும் தொடவில்லை. என் அப்பா உங்கள் வீட்டாரைப் பூட்ஸ் நக்கிகள் என்றார். உங்களோடு பேசக்கூடாது என்று அண்ணனுக்கு உத்தரவு. நீங்கள் பிழைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. பிழைக்க வைத்தவரை விட்டுவிட்டு என் அப்பாவுக்கு மாலை போடுகிறீர்களே, அதில்தான் கோபம்.

அண்ணன் மக்கு இல்லை. கெட்டுப்போன தண்ணீர்ப் பம்பைப் பிரித்து மாட்டுவான். பலகையைச் செதுக்கி, பழைய டயரை வாராக வெட்டி எனக்குக் கட்டைச் செருப்புச் செய்து கொடுத்தான். கடையில் செருப்பே கிடைக்காத காலம் அது. பெருவிரலுக்கு உறுத்தாமல் ஓர் இடத்தில் மட்டும் வாரைக் கொஞ்சம் இளக்கியிருந்தான். அந்தச் செருப்பு எப்படித் தொலைந்தது என்று எனக்கு நினைவில்லை. தொலைத்துவிட்டேன் என்பது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது. அப்படிப்பட்ட பையனுக்கு அப்பா எதிரில் உட்கார்ந்தால் தெரிந்ததும் மறந்துவிடும். 'லுக் ஃபார்வர்டு டு' என்று வந்தால் கண்டிப்பாக மொட்டைச் சொல்லைப் போடுவான். அப்பா செய்த அதே தப்பு. 'டு' வந்தால் பின்னால் மொட்டைதானே வரும் என்று கை தானாகப் போய்விடும். ரூல் தடி விரல் முட்டியில் விழும். பம்பு பிரிக்கிற விரல்கள் அவை.

காலையில் குழாயடியில் என்னை வைத்துப் பழகிப் பார்ப்பான்.

"பாப்பா, இட் இஸ் நோ யூஸ்?"

"வால்ண்ணே."

"லுக் ஃபார்வர்டு டு?"

"அதுவும் வால்தான். நேத்துதானே அடி வாங்கின."

"எப்படிடி உனக்கு மட்டும் ஒட்டிக்குது?" என்று என் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடுவான். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா என்னை வகுப்பில் சேர்க்கவில்லை. அதற்காக இப்போது நான் அழப் போவதில்லை.

கிள்ளானில் அம்மாவின் தம்பி இருந்தார், எங்கள் மாமா. அரிசியைப் போலவே உப்பும் கிடைக்காத நேரம். மாமா கடற்கரைப் பக்கம் கொட்டகை போட்டு, கடல் தண்ணீரைப் பெரிய பெரிய தகரத் தொட்டிகளில் காய்ச்சி உப்பு எடுத்தார். ஜப்பான்காரனுக்கும் உப்பு வேண்டும். அதனால் அங்கே வேலை செய்பவர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப் பட்டை கொடுத்திருந்தார்கள். பட்டை கட்டியவனை ஆள் பிடிக்கிறவர்கள் தொடமாட்டார்கள்.

அம்மா எங்கள் இருவரையும் ஒரு வாரம் அங்கே கூட்டிப் போனாள். கிள்ளானில் அண்ணன் வேறு ஆளாக இருந்தான். முதல் நாளே தொட்டிகளைப் பார்த்துவிட்டு, அடுப்பு தப்பான பக்கம் பார்த்திருக்கிறது, காற்று எதிர்ப் பக்கம் வருகிறது என்றான். இரண்டு நாளில் களிமண்ணைக் குழைத்து அடுப்பைத் திருப்பிக் கட்டிவிட்டான். விறகு பாதிதான் எரிந்தது. முகமெல்லாம் கரி, உதடெல்லாம் உப்பு, வெடித்த காலில் உப்புத் தண்ணீர் பட்டுக் கத்துவான், கத்திவிட்டுச் சிரிப்பான். சாயங்காலம் தொட்டியின் அடியில் வெள்ளையாகத் திரண்டு வருவதைக் கையில் அள்ளி, "பாப்பா, இது நான் செஞ்சதுடி" என்று காட்டினான். என் அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"இவன என்கிட்ட விட்டுடு அக்கா" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். "பட்டை நான் வாங்கித் தரேன்." அம்மா சம்மதித்துவிட்டாள். அப்பாவைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அந்த ஒன்றைக் கேட்காமல் இருந்திருந்தால் போதும்.

நாங்கள் திரும்பி வந்த வாரம் ரயில்வே ஆபீஸில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சயாமில் புது ரயில் லைன் போடுகிறார்கள், கிராணிகளும் ஸ்டோர்காரர்களும் தேவை, மூன்று மாதம், குடும்பத்துக்கு அரிசி. படிவம் இல்லை, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். ஆபீஸ் ஃபைலெல்லாம் இன்னும் ஆங்கிலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் விண்ணப்பமும் ஆங்கிலத்தில் இருக்கலாம். அப்பா அன்று வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தார். "பார்த்தியா, பார்த்தியா! ஜப்பான்காரனுக்கும் கடைசில இங்கிலீஷ்தான் வேணும்!"

ஞாயிற்றுக்கிழமை மாமா கிள்ளானிலிருந்து சைக்கிளில் வந்தார். டியூப் கிடைக்காமல் கெட்டி ரப்பரைச் சுற்றிய சக்கரம், வழியெல்லாம் முதுகெலும்பை உலுக்கியிருக்கும். அண்ணனைக் கூட்டிப் போகத்தான் வந்தார். அம்மா அவனுடைய துணியை ஏற்கெனவே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள்.

"என் பையன் கடக்கரையில நின்னு உப்பு காய்ச்சறதுக்கா இத்தனை வருஷம் படிக்க வெச்சேன்?" என்றார் அப்பா.

"மச்சான், சயாமுக்குப் போனவன் ஒருத்தனும் இன்னும் திரும்பி வரல லா. எங்க பக்கத்து ரப்பர் தோட்டத்துல கூலி வீடுங்க லயம் லயமாக் காலியாக் கிடக்கு. போய்ப் பாருங்க."

"அவங்கல்லாம் கூலிக்குப் போனவங்க. இவன் கிராணியாப் போறான். கிராணி கையில எவனும் மண்வெட்டி குடுக்க மாட்டான்."

"ஜப்பான்காரனுக்குக் கிராணியும் கூலியும் ஒண்ணுதான் மச்சான்."

"நல்ல விண்ணப்பத்தப் பார்த்தா எந்த ஊர்க்காரனுக்கும் தெரியும்" என்றார் அப்பா.

இது அவர் ஒருவரின் கிறுக்கு மட்டும் இல்லை. நம் குவார்ட்டர்ஸ் மொத்தமும் அதை நம்பியது. கிராணி வேறு, கூலி வேறு. தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடத் தனிக் குவளை வைத்திருந்த வீடுகள் நம்முடையவை. காலில் ஷூவும் கையில் நல்ல ஆங்கிலத்தில் ஒரு தாளும் இருந்தால் துப்பாக்கி வைத்திருப்பவனும் நாற்காலி போடுவான் என்று நினைத்தோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று, "ஒரு தடவை என் பேச்சக் கேளுங்க. என் புள்ளைய என் தம்பிகூட அனுப்பிடுங்க" என்றாள். "உனக்கு என்ன தெரியும், போய் அடுப்பப் பாரு" என்றார் அப்பா. மாமா அண்ணனைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற? வாயத் தொறந்து சொல்லு."

அண்ணன் அந்த மூட்டையைப் பார்த்தான், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "அப்பா சொல்றபடி செய்யறேன் மாமா" என்றான்.

மாமா வெறும் கேரியரோடு கிள்ளானுக்குத் திரும்பினார்.

அன்று மத்தியானமே விண்ணப்பம் எழுதினார்கள். அப்பா சொல்லச் சொல்ல அண்ணன் எழுதினான். நான் அறை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைத் துரத்த யாருக்கும் தோன்றவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் அப்பா நிறுத்திவிட்டார். தங்களிடம் பணியாற்ற ஆவலோடு காத்திருக்கிறேன் என்று நீயே எழுது என்றார். அண்ணன் 'லுக் ஃபார்வர்டு டு' வரை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தான். மூக்கு நுனியில் வியர்த்தது. பிறகு மெதுவாக 'சர்விங்' என்று எழுதினான். வாலோடு.

அப்பா தாளை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் பூத்த பூப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எழுந்து அண்ணனின் முதுகில் தட்டிக் கொடுத்தார். என் நினைவில் அவர் அவனை அடிப்பதற்கு இல்லாமல் தொட்டது அது ஒரு தடவைதான். அண்ணனும் சிரித்தான். சாகப் போகிற இடத்துக்குச் சீட்டு எழுதிவிட்டு, அப்பா மெச்சினார் என்று சிரித்தான். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

அப்பா ஆபீஸ் பழக்கப்படி மேலும் இரண்டு பிரதி எடுக்கச் சொன்னார். ஒன்று அண்ணன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள, ஒன்று வீட்டில் வைக்க.

பத்து நாளில் பெயர் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் முழுக்க வந்து கை குலுக்கினார்கள். ஒரு வீட்டில் வாழைப்பழச் சீப்பு கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் பழைய கழுத்துப் பட்டை ஒன்று கொடுத்தார்கள். புறப்படும் நாள் அண்ணன் அப்பாவின் வெள்ளைக் கோட்டும் அந்தக் கழுத்துப் பட்டையும் அணிந்து ஸ்டேஷனில் நின்றான். கோட்டுத் தோள் அவனுக்குத் தொங்கியது. பிளாட்பாரம் முழுவதும் தோட்டத்து ஜனங்கள், துணி மூட்டையும் சட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். "அவங்ககூட நிக்காத, தள்ளி நில்லு" என்றார் அப்பா. அண்ணன் தள்ளி நின்றான். சிப்பாய் ஒருவன் வந்து கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, தோட்டத்து ஆட்கள் ஏறிய அதே கூட்ஸ் வண்டியில் அவனையும் ஏற்றினான். உட்கார இடம் இல்லை, சன்னல் இல்லை. அண்ணன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டியதைப் பார்த்தேன். சிப்பாய் கதவை இழுத்துவிட்டான்.

அம்மா கதறினாள். "ஆபீஸ்காரங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்ல தனி வண்டி சேர்ப்பாங்க, சும்மா இரு" என்றார் அப்பா. பிறகு கையை உயர்த்தி ஆட்டினார், சாத்திய கதவைப் பார்த்து.

மூன்று மாதம் போயிற்று, ஆறு மாதம், ஒரு வருடம். கடிதம் இல்லை, ஆள் இல்லை. யார் கேட்டாலும், "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, லீவு குடுக்கலை" என்று அப்பாவே பதில் தயாரித்துச் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். அம்மா வடக்கிலிருந்து வண்டி வருகிற நாளெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆனால் தெரிந்தவர்களிடம் அம்மாவுக்கு உப்பு கொடுத்தனுப்புவார், மரவள்ளி இலையில் சுற்றி. அண்ணன் காய்ச்சியிருக்க வேண்டிய உப்பு. அதைப் போட்ட குழம்பை அப்பா ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டும் சாப்பிட்டார். வகுப்பும் நடந்தது. மிச்சம் இருந்த இரண்டு பையன்களும் சத்தம் வராமல் மொட்டை, வால் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அப்பா சொன்னது பலித்துவிட்டது. கரிப்பெட்டி போட்டுத் தேய்த்த கால்சட்டையோடு ஆபீஸ் போனார். புதிதாக வந்த துரை அவருடைய கடிதம் ஒன்றைப் படித்துவிட்டு, இந்த மூன்றரை வருடத்தில் இவ்வளவு நல்ல ஆங்கிலத்தை நீ எப்படிக் காப்பாற்றினாய் என்று கேட்டானாம். அப்பா அதை அம்மாவிடம் மூன்று நாள் சொன்னார். அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு மத்தியானம் மாமா வந்தார். கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றுவிட்டார், உள்ளே வர மாட்டேன் என்றார். கூட வந்த மனிதரை மட்டும் அனுப்பினார். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக்காரர், சயாமிலிருந்து திரும்பியவர். இடுப்பில் கோணிச் சாக்கு, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே புண் ஆறி வற்றிப்போயிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னதற்குக் கேட்காமல் தரையில் உட்கார்ந்தார். அண்ணனோடு ஒரே கூட்ஸ் வண்டியில் போனவர் அவர். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ரயில்லேயே காயிதத்த எடுத்து எடுத்துக் காட்டினாருங்கம்மா தம்பி. ஒருத்தன் வாங்கி, கிழிச்சு, புகையிலை வெச்சு சுருட்டிக்கிட்டான். போய்ச் சேர்ந்ததும் எல்லாருக்கும் மண்வெட்டிதான். தம்பிக்குப் பழக்கம் இல்ல பாருங்க, கையெல்லாம் பிஞ்சு போச்சு. மழைக்காலத்துல வாந்திபேதி வந்துச்சு. ரெண்டு நாள்தாங்கம்மா."

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"ஆபீஸ்ல போடலையா?" என்று கேட்டார்.

"அங்க ஆபீஸே இல்லீங்கய்யா. காடு."

அப்பா உள்ளே போனார். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. விண்ணப்பத்தின் மூன்றாவது பிரதியை எடுத்துவந்து அந்த மனிதரிடம் நீட்டினார். "பாருங்க. கிராணின்னு தெளிவா எழுதியிருக்கு. கடைசி வரி வரைக்கும் ஒரு பிழை கிடையாது. பாருங்க."

அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு கையையும் சாக்கில் துடைத்துவிட்டு, தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எழுத்து ரொம்ப நல்லா இருக்குங்கய்யா" என்றார்.

அதோடாவது விட்டிருக்கலாம். விடவில்லை. "கடைசியில அவன் இங்கிலீஷ்ல ஏதாவது சொன்னானா? ஜப்பான்காரன் புடிச்ச துரைமாரு கைதிங்க பக்கத்துல இருந்திருப்பாங்களே, அவங்ககிட்டயாவது?"

அந்த மனிதர் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தண்ணிதான் கேட்டாருங்கய்யா. தமிழ்லதான் கேட்டாரு."

அப்பா தாளைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் உயிரோடு இருந்தார், பெரிய கிராணியாக ஓய்வு பெற்றார். நான் செய்தது தப்பு என்று ஒரு நாளாவது சொல்வாரா என்று அம்மா காத்திருந்து காத்திருந்து செத்துப் போனாள். அவளுக்குப் பிறகு நான் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன். தலையணையைச் சரியாக வை என்றார்.